ஆறு மிஸ்டு கால், ஒரு ஹலோ

சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் விபூதி... இந்தக் கோலத்தில் ஒரு மனுஷன் வைக்கோல் போர் மேல் ஏறி நின்று, செல்போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, மகளின் கல்யாணத்தை முடிவு செய்து பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, வேப்பூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்ததே நான்தான்.

போர் மேல் நின்றவர் என் அக்கா புருஷன். கலியபெருமாள் மாமா. விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் கம்பெனி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக ஒரு ஃபியூஸ் கேரியர் இருக்குமே, அது மாமா சூளையில் வெந்ததாகக்கூட இருக்கலாம். நல்ல மனுஷன். கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கொஞ்சம் உப்பு கூடிப்போன குழம்பு.

செல்போன் வந்ததும் ஊரில் எல்லாரும் என்ன செய்தார்கள்? பேசினார்கள். பஸ்ஸில் பேசினார்கள், பந்தியில் பேசினார்கள், சாவு வீட்டில் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். மாமா மட்டும் பேசவில்லை. சட்டைப் பைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு போன் வாங்கினார். வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. இரண்டிலும் போன ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது!

"பேசாமலே வெசயம் முடியுதுன்னா எதுக்குடா தம்பி பேசணும்?" என்பார்.

எல்லாம் சூளையில்தான் ஆரம்பித்தது. சூளை எரியும்போது பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். முருகேசன் என்று ரொம்ப வருஷமாக மாமாவிடம் இருக்கும் ஆள் பார்த்துக்கொள்வார். மாமா சாப்பிட வீட்டுக்கு வந்தால், முருகேசன் அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். 'ஆமா, சூடு சரியா இருக்குது' என்று அர்த்தம். இரண்டு வந்தால், 'இல்லை, சூடு ஏறலை'. மூன்று வந்தால், 'உடனே வாங்க'. மாமா பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு ஓடுவார்.

இது நன்றாக வேலை செய்தது. அதுதான் வினை. கம்பெனிக்குப் பொருந்துவது குடும்பத்துக்குப் பொருந்தாதா என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிச் சுவரில் மாட்டினார். 'ஒன்று - ஆமாம். இரண்டு - இல்லை. மூன்று - உடனே வரவும்.' அடியில் சிவப்பு மையில், 'யாரும் எடுக்கக் கூடாது.'

அந்த அட்டைக்குக் கீழே ஒரு ஊறுகாய் ஜாடி. சூளையில் கோணிப்போன ஜாடி ஒன்றாவது இல்லாத வீடு எங்கள் ஊரில் உண்டா? வீட்டுப் போன் அந்த ஜாடிக்குள் இருக்கும். ஜாடிக்குள் மணி அடித்தால் கொல்லை வரை கேட்கும். மேலும், ஜாடிக்குள் இருந்தால் யாரும் பழக்க தோஷத்தில் எடுத்துவிட மாட்டார்கள். இரண்டும் மாமாவின் ஐடியா.

சரி, ஒரு மிஸ்டு கால் வருகிறது. அது ஒன்றா, அல்லது இரண்டில் முதலாவதா? எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் சட்டம் உண்டு. நூறு வரை எண்ண வேண்டும். நூறுக்குள் அடுத்தது வரவில்லை என்றால் ஒன்று. மார்க்கெட்டில் நல்ல மீன் இருந்தால் மாமா ஒன்று கொடுப்பார், இல்லாவிட்டால் இரண்டு. அக்கா புளியைக் கரைக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "எம்பத்தொம்போது... தொண்ணூறு..." என்று எண்ணிக்கொண்டு நிற்பாள். சிரித்தால் என்னை முறைப்பாள். "குறுக்க பேசாதடா, தப்பிடும்!"

ஒரு தடவை மங்களூர் சித்தப்பா, பேரனுக்குக் காது குத்து என்று அழைக்க மூன்று முறை போன் போட்டார். பாவம், பேச ஆசைப்பட்டிருக்கிறார். வீட்டில் எண்ணினார்கள். மூன்று! மாமா லுங்கியோடு சூளைக்கு ஓடினார். அங்கே முருகேசன் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா இன்றைக்கு வரை எங்கள் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சிரிக்காதீர்கள். நீங்கள் மட்டும் என்ன? மாடியிலிருந்து 'காபி ரெடியா' என்று மிஸ்டு கால். பஸ் ஏறியதும் ஒன்று, இறங்கியதும் ஒன்று. பேசுவதற்கென்றே ஒரு கருவியைக் கையில் கொடுத்தால், அதை வைத்துப் பேசாமலிருப்பது எப்படி என்று நாம் எல்லாருமே கற்றுக்கொண்டுவிட்டோம். மாமா அதைச் சட்டமாக எழுதி மாட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அக்கா மகள் தேன்மொழி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலை என்றால் அவளுக்கு உயிர். போன வருஷம் ஒரு வரன் வந்தது. 'எங்க வூட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கம் இல்லீங்க' என்றார்கள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். இந்த வரன் வேப்பூர்ப் பக்கம். பையன் சரவணன், ஹைவேயில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவர்கள் வந்து பெண் பார்த்தாகிவிட்டது, பிடித்தும் போயிற்று. தேன்மொழிக்கும் பிடித்திருந்தது என்பது என் யூகம். இப்போது நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சம்பந்தம் முடிவாகிற வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு பேச்சை மாற்ற முடியாது.

கிளம்பும்போது தேன்மொழி வாசல் வரை வந்தாள்.

"அப்பா, நான் வேலைக்குப் போறத ஒத்துக்குவாங்களான்னு வாய் விட்டுக் கேளுங்க. ஒத்துக்கிட்டா ஒண்ணு குடுங்க. இல்லன்னா ரெண்டு. அத வச்சி நான் பதில் குடுக்கறேன். ஒண்ணு குடுத்தா சாப்பிடுங்க. ரெண்டு குடுத்தா அப்டியே திரும்பி வந்துடுங்க. எம் பதில் வராம கை நனைச்சிடாதீங்கப்பா."

"உம் மேல சத்தியமா நனைக்க மாட்டேன்," என்றார் மாமா. கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும் கொஞ்சம்.

வேனில் போனோம். வீடு பார்த்தோம். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா ஏழுமலை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "போவட்டுங்க. படிச்ச புள்ள, வூட்ல ஒக்காந்து என்ன பண்ணும்?"

எனக்கு அப்படியே எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உள்ளே இலை போட்டாகிவிட்டது. வடை வாசனை. மாமா எழுந்தார். "ஒரு நிமிசம்ங்க. வூட்டுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துட்டு வந்துடறேன்."

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. வாசலில் இல்லை. கிணற்று மேட்டில் இல்லை. "போர் மேல ஏறினா கெடைக்கும்ங்க, நாங்கல்லாம் அங்கதான்" என்றார் ஏழுமலை, சாதாரணமாக. ஏணி வந்தது. மாமா ஏறினார்.

நம்பரை அழுத்தினார். மணி பாதி அடித்ததோ இல்லையோ, கட்டாகிவிட்டது.

மாமா அப்படியே நின்றார். கீழே எங்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"போச்சா, போகலையா... தெரியலையேடா!"

"இன்னொரு வாட்டி அடிங்க மாமா."

"எப்பிடிடா அடிக்கறது? மொதல்ல அடிச்சது போயிருந்தா இது ரெண்டாயிடுமே! ரெண்டுன்னா அவங்க ஒத்துக்கலைன்னு ஆயிடும்! போகலைன்னா, அடிக்காம இருந்தா, பாவம் புள்ள காத்துக்கிட்டு இருக்கும்!"

யோசித்துப் பார்த்தேன். மனுஷன் சொல்வது சரிதான். போருக்குக் கீழே ஒரு சபையே கூடிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "மூணா அடிச்சிட்டா?" என்றார். மூன்றென்றால் உடனே வர வேண்டும். "நாலு?" நாலுக்கு அட்டையில் அர்த்தமே இல்லை.

"பேசிடுங்க மாமா!" என்று கத்தினேன்.

"பேசலாம்டா... எடுக்கணுமே! எடுக்கக் கூடாதுன்னு பழக்கி வச்சிருக்கேனே!"

அவர் குரலில் இருந்த வேதனையை என்னால் எழுத முடியாது. கடைசியில், நூறு எண்ணும் பொறுமைகூட இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, குலசாமியை வேண்டிக்கொண்டு, மறுபடி அடித்தார். இந்த முறை மணி நன்றாகப் போனது. கட் செய்தார். காத்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் போன் அடித்து நின்றது. ஒன்று!

"எண்ணுங்க!" என்றார் மாமா. நான் எண்ண ஆரம்பித்தேன். எதற்கு எண்ணுகிறோம் என்று புரியாமலே மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கட்டத்தில் பந்தி பரிமாற வந்தவர் கையில் பாயச வாளியோடு "அறுவத்திநாலு, அறுவத்தஞ்சு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்பத்தாறு தாண்டியது. எண்பத்தேழு.

போன் மறுபடி அடித்தது.

இரண்டு. வேண்டாம்!

மாமா இறங்கி வந்தார். துண்டெல்லாம் வைக்கோல். இலை போட்ட வீட்டில் சாப்பிடாமல் கிளம்புவது என்றால் சும்மாவா? அதைவிட அந்த வீட்டாருக்குப் பெரிய அவமானம் கிடையாது. மாமா கும்பிட்டார். "மன்னிச்சுக்குங்க. புள்ளைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்." ஏழுமலை முகம் இறுகிப்போயிற்று. "நாங்க என்னங்க தப்பு பண்ணோம்? கேட்டதுக்குச் சரின்னுதான சொன்னோம்?" அவர் வீட்டுப் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

"அந்த போனக் குடுங்க மாமா. நான் கேக்கறேன்."

மாமா என்று சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"எடுக்க மாட்டாங்க தம்பி..."

"எடுக்கற வரிக்கும் அடிக்கறேன்."

பேன்ட்டை மடித்துக்கொண்டு ஏறினார். அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கீழே மாமா, "ஒண்ணு... ரெண்டு..." என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தார், வேறு என்ன செய்வார்?

விருத்தாசலத்தில் என்ன நடந்தது என்று அக்கா பிறகு சொன்னாள். மூன்றாவது மணிக்கு அக்கா அழ ஆரம்பித்துவிட்டாளாம். "உடனே வரச் சொல்றாருடி! எங்கடி வரது? வேன் கவுந்துடுச்சா?" நாலு. ஐந்து. "ஆறுடி! ஆறுக்கு என்னடி அர்த்தம்?" அழுகிறாள், தலையில் அடித்துக்கொள்கிறாள்... போனை மட்டும் எடுக்கவில்லை! ஒரு வருஷப் பழக்கம் பாருங்கள்.

ஏழாவது முறை ஜாடி அதிர்ந்தபோது தேன்மொழி உள்ளே கையை விட்டாள்.

"ஹலோ?"

போர் மேல் சரவணன் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். "நான் சரவணன் பேசறேங்க. நீங்க வேலைக்குப் போவலாம்னு அப்பா சொல்லிட்டாரே. அப்பறம் ஏங்க வேணாங்கறீங்க?"

பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது மட்டும் கேட்டது. "இல்லங்க, மொத கால் பாதியில கட்டாயிடுச்சு... ஆமாங்க... இல்ல, போர் மேல இருக்கேன்... வைக்கப்போருங்க..." பிறகு ஒரு சிரிப்பு. சாதுவான முகத்திலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. ரொம்ப நேரம் பேசினார். மாமாவின் போனுக்குக் கன்னிப் பேச்சு.

இறங்கி வந்தார். "சாப்பிடச் சொன்னாங்க."

அப்பாடா என்று எல்லாரும் இலையைப் பார்த்துத் திரும்பினோம். மாமா அசையவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. பேச்சுல நாலும் சொல்லுவாங்க. ஒரே ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்க."

சரவணன் முகம் சுளிக்காமல் மறுபடி ஏணியில் ஏறினார். இந்தப் பொறுமைக்கே பெண் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று வந்தது. இந்த முறை ஊரே எண்ணியது. தொண்ணூற்றொன்பது... நூறு! மாமா ஓடிப்போய் இலையில் உட்கார்ந்து, முதல் வேலையாகப் பாயசத்திலேயே கையை வைத்தார். அழுதுகொண்டே சாப்பிட்டார். வடை ஆறிப்போயிருந்தது. அதனால் என்ன?

திரும்பி வந்ததும் தேன்மொழியைத் தனியாகக் கேட்டேன். "அப்டி என்னடி பேசின, சிரிச்சாரு?"

"ஒண்ணும் பேசல மாமா."

"சொல்லு."

ஜாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு ரெண்டு தடவ அடிச்சிட்டு விட்டிருந்தா, நானும் வேணாம்னே இருந்திருப்பேன். ஏழு தடவ அடிச்சாரு மாமா. என்னைய யாரு ஏழு தடவ கேட்டாங்க?"

நானும் அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மாமா அதைக் காதில் வாங்கினாரா தெரியாது. மறுநாள் போனபோது சுவரில் அட்டை அப்படியேதான் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் இருந்தன. சிவப்பு மைக்குக் கீழே மட்டும் புதிதாக ஒரு வரி. 'ஏழு - எடுத்துப் பேசவும்.'

நேற்று கல்யாணத் தேதி கேட்கலாம் என்று அக்காவுக்கு போன் போட்டேன். சரியாக ஏழாவது தடவை எடுத்தாள்.