இடது பக்கத்து ரிசீவர்

என் வீட்டுக்காரர் தகடு அடிக்கும் பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறவர். இருபத்தாறு வருஷமாக ஒரே மிஷின், ஒரே இடம். அவருடைய இடது தோளை ஒட்டி அந்த இரும்பு நாள் முழுக்கத் தடார் தடார் என்று இறங்கிக்கொண்டிருக்கும். வீடு வந்ததும் கைகால் கழுவிவிட்டு, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்களோடு பேசுகிற ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதற்கு லைசன்ஸ் வாங்கியது எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம். ஆக, இந்த வீட்டில் மூத்தாள் அது, நான் இளையாள்தான்.

நான் கொஞ்சம் பொறாமைக்காரி, மறைக்கவில்லை. ஏதோ ஒரு தீவில் இருக்கிறவன் முனகினால் அவருக்குக் கேட்கும். சாப்பாட்டு மேஜையில் ஒரு முழம் தள்ளி இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நான் சொன்னால் கேட்காது. மூன்று வருஷமாக இப்படி. சமையலறையிலிருந்து கத்தினால் சில நாள் பதில் வரும், சில நாள் வராது. வேண்டும்போது மட்டும் கேட்கும் காது என்று திட்டியிருக்கிறேன். திட்டியதும் கேட்டிருக்காது. இந்த மனுஷன் வேண்டுமென்றேதான் என்னை ஒதுக்குகிறாரா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

என் தம்பி கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவன். அவனும் ஹாம். வெளியே மாமா, மாப்ள என்று ஒரே குழைவு. உள்ளே யார் ரேடியோவில் எத்தனை நாட்டுக்காரர்களைப் பிடித்துப் பேசினார்கள் என்று ஒரே புகைச்சல். போன வருஷம் வரை இவர்தான் இரண்டு நாடு முன்னால் இருந்தார். பிறகு தம்பி திடீரென்று இருபது நாடு தாண்டிப் போய்விட்டான். எப்படி என்று எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்து சொன்னான்.

"ரெண்டு ஆன்டெனா, ரெண்டு ரிசீவர். காதுக்கு ஒண்ணு மாமா. தூரத்து சிக்னல் ஏறி ஏறி இறங்குமில்ல? ஒரு ஆன்டெனால விழுற நேரத்துல இன்னொண்ணுல நிக்கும். ரெண்டு காதுலயும் வாங்கினா மண்டை தானா சேர்த்துக்கும். சத்தம் தலைக்குள்ள இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கும் பாருங்க!"

இவர் முகம் சுண்டிப்போயிற்று. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாளே இரண்டாவது ரிசீவர் கட்ட ஆரம்பித்துவிட்டார். மொட்டைமாடியின் இந்த மூலையில் ஒரு ஆன்டெனா, அந்த மூலையில் ஒன்று. துணி காயப்போட இடமில்லாமல் போயிற்று. எட்டு மாதத்தில் என்னிடம் பேசிய பேச்சு "அந்தக் குறடை எடு" என்பதுதான். முடிந்த அன்று தம்பிக்குப் போன் போட்டார்.

"மாப்ள, உனக்கு நடக்குதுன்ன. எனக்கு ஓடுது!"

எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த நாள் அவர் பட்டறைக்குப் போனதும் ரேடியோ அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, இடது காதுக்கான ரிசீவருக்குப் போகிற ஆன்டெனா வயரைத் திருகிக் கழற்றிவிட்டேன். அற்பப் புத்திதான். ஆனால் எட்டு மாதத்தில் அன்றுதான் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். சாயங்காலம் வந்து கத்துவார், என் பெயரைச் சொல்லியாவது கத்துவார் என்று காத்திருந்தேன்.

கத்தவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். பன்னிரண்டு நாள் ஆட்டினார். நடுவில் தம்பிக்குப் போன் செய்து, சத்தம் எப்படி இடமும் வலமுமாகப் புரள்கிறது என்று அளந்தார். உயிரில்லாத பெட்டிக்கு இவ்வளவு பெருமையா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியும் நேரத்தில் தூரத்து ஸ்டேஷன்கள் நன்றாக வரும் என்று தம்பி வந்து நின்றான். ஹெட்போனைப் போட்டான். நெற்றியைச் சுருக்கினான்.

"மாமா, இடது பக்கம் வெறும் இரைச்சல்தானே வருது?" அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அட, ஆன்டெனாவே மாட்டல! எத்தனை நாளா இப்படி இருக்கு?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. பன்னிரண்டு நாளாக அந்தப் பக்கம் வெறும் இரைச்சல் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. இடது காது போய்விட்டது. அந்த பிரஸ்தான் தின்றிருக்கிறது.

"இப்பதான்டா, தூசு தட்டுறப்ப கழட்டினேன். மாட்ட மறந்துட்டேன்" என்றேன்.

"நல்ல ஆளுக்கா நீ!" என்று சிரித்துக்கொண்டே தம்பி வயரை மாட்டினான். அரைமணி நேரம் கேட்டான். மாமாவின் கைவேலையை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனான்.

கதவைச் சாத்தும்போது என் மனசு பஞ்சாக இருந்தது. மூன்று வருஷம் அவர் என்னை ஒதுக்கவில்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கு வலப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியும். மூணு வருஷமாச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் பேசுறது பிடிக்கலைன்னு நினைச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன்!"

"தெரியும். கண்ணு வீங்கியிருக்கும்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "உன்கிட்ட சொன்னா உன் தம்பிகிட்ட சொல்லிடுவ. ஒத்தக் காதுக்காரன்னு அவன் என்னைப் பார்த்துப் பாவப்படணுமா? அதுக்கு நீ அழுதாலும் பரவால்லன்னு இருந்துட்டேன்."

இத்தனை வருஷம் அந்தப் பெட்டியின் மேல் பொறாமைப்பட்டது வீண். அது பாவம், என்ன செய்தது? அவர் மனசில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான் இடுப்பில் தூக்கி வளர்த்த என் தம்பி. என் அழுகையைவிட அவனுடைய பரிதாபம் இவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

"அவன்கிட்ட சொல்லிட மாட்டியே?" என்று கையைப் பிடித்தார். பிரஸ் ஓட்டிக் காய்த்த கை.

கையை விடுவித்துக்கொண்டு எழுந்தேன். நாற்காலியைச் சுற்றிப் போய், இடது காதருகில் குனிந்து பதிலைச் சொன்னேன்.

"என்ன? என்ன சொன்ன?" அவசரமாக முகத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் நீட்டினார்.

நான் திருப்பிச் சொல்லவில்லை.