வெறும் கிளிக்

தக்கலையில் பழைய சாமான் கடையில் நான் வாங்கிய ஃபிலிம் கேமராவைக் கண்டதும் சித்தப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. "நான் போனா மாலை போட நல்ல படம் வேண்டாமா மக்கா? இதுல ஒண்ணு எடு."

லீவரை இழுத்தேன். அந்தக் கரகரப்பு என்னை நாலாம் வகுப்பு வயதில், அவர் புதுவீட்டுப் பால்காய்ப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. கல்ஃபிலிருந்து வந்திருந்த சித்தப்பா, கல்யாணப் பட்டில் நின்ற அம்மாவிடம் "சிரிங்க மைனி" என்று கேமராவை அழுத்தினார். அம்மா வெட்கத்தோடு சிரித்தாள். உள்ளே போய்ச் சித்தியிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது: "ஃபிலிமு அப்பமே தீந்துட்டு. மைனிக்கு வெறும் கிளிக்கு போதும்."

அம்மா கடைசிவரை அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாலை போட, வாக்காளர் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம்.

சித்தப்பாவை வெயிலில் நிறுத்தித் தாடையைத் தூக்கச் சொன்னேன். "சிரிங்க சித்தப்பா." அழகாகச் சிரித்தார். அழுத்தினேன். ஃபிலிம் ரோல் பிரிக்காமல் என் சட்டைப்பையில் இருந்தது.