கூடை சுமந்தவளின் வலது தோள்

காலை ஆறு இருபது. சமையலறையில் நான் முதலில் பார்த்தது சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியை. திரையில் ஒரு பெண் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தாள். முதுகில் மூங்கில் கூடை, அதன் வார் நெற்றியில். அரை நிமிடத்துக்கு ஒருமுறை திரை இருண்டது. மதினி சுண்டுவிரல் முட்டியால் அதைத் தட்டி எழுப்பினார். மற்ற விரல்களில் கரி. பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டங்கள் போட்டு, கூடையை ஒவ்வொரு கட்டமாகத் தாளில் இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா டீக்குச் சீனி போட டப்பாவை எடுத்தாள், கைப்பேசி சரிந்தது. போட்டு முடித்ததும் டப்பாவை இடது கையால் மேல்தட்டில் வைத்தாள். இடது கையால் என்பதையும் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. வண்டிப்பெரியாரில் பிறந்து, பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வாழ வந்தவர். தேயிலை ஆலையில் தற்காலிக வேலை. ஓவியத்தை அவர் யாரிடமும் கற்கவில்லை. கைப்பேசியில் படம் தேடுவார், அதைப் பார்த்து வரைவார். ஒரே படத்தை நம்ப மாட்டார். விரல்களுக்கு ஒரு படம், சேலை மடிப்புக்கு ஒன்று, வெயில் விழும் பக்கத்துக்கு இன்னொன்று என்று எடுத்து வைப்பார். முகம் சரியாக வராவிட்டால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வார். காரணம் கேட்டேன். “மூஞ்சின்னு தெரிஞ்சா கை அதுபாட்டுக்கு மூஞ்சி வரைஞ்சிரும் தம்பி. பாக்காது,” என்றார். நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் செய்தி ஆசிரியர்கள் யாரும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நான் விடுப்பில் போயிருந்த அந்த வாரம் அவருக்கு ஒரு வேலை வரும்போல் இருந்தது. சாலையோர விடுதி ஒன்றின் முன்சுவரில் கொழுந்து பறிக்கும் பெண்ணை வரைய வேண்டும். மாதிரிப் படம் பிடித்துவிட்டால் உள்ளே இருக்கும் மற்றச் சுவர்களும் அவருக்கே. ஆலை வேலையை விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை படத்தைக் காட்ட வேண்டும்.

அம்மா டீ டம்ளரோடு குனிந்து தாளைப் பார்த்தாள். “ஏளா, யாருளா இவ? கொழுந்து எடுக்க வந்தாளா, பொண்ணு பாக்க வந்திருக்காகன்னு நிக்காளா?”

“கொழுந்து எடுக்கிறவதான் அத்தே.”

“கத்தரி எங்க? நெத்தியில கூடைய மாட்டிக்கிட்டு எந்தக் காட்டுல எடுக்கா?”

மதினி கரிக்கட்டியைக் கீழே வைத்தார். எங்கள் மலையில் பெண்கள் முதுகில் கட்டுவது நைலான் சாக்கு. கையில் பெட்டி பொருத்திய கத்தரி. சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் தாள். அம்மா தினமும் அந்தக் கோலத்தில்தான் வாசலைத் தாண்டுவாள். தேயிலைக்குள் பிறந்த மதினி, தேயிலையை வரைய வேறெந்த மலையின் படத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கவில்லை. என் பத்திரிகையில் தேயிலைச் செய்தி வரும்போதெல்லாம் போடுவதற்கென்று ஒரு கூடைப் படம் கோப்பில் உண்டு. அதை அங்கே எடுத்து வைத்தவன் நான்.

அன்று மாலையே மதினி அம்மாவைப் படமெடுக்க முயன்றார். அம்மா முகம் கழுவி, பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் கைகளை ஒட்டி வைத்து நின்றாள். கத்தரியைக் கொடுத்தால் அதை விளக்குமாறு மாதிரி பிடித்தாள். மறுநாள் மதினி ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவின் பின்னாலேயே தேயிலைக் காட்டுக்குப் போனார். வெட்டிய கொழுந்து பெட்டியில் நிறைந்ததும் கத்தரியை வலது தோளுக்கு மேல் தூக்கி, பின்னால் சாக்கில் கவிழ்ப்பார்கள். அதைத்தான் மதினி அதிகம் படமெடுத்திருந்தார். பாதிப் படங்களில் கை கலங்கலாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் படங்களை எனக்குக் காட்டினார். எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. “கையி ஆடிருச்சு,” என்று சொல்லி, பின்னால் தெரிந்த மின்கம்பத்தை அளவாக வைத்து ஒவ்வொன்றையும் நேராக்கினார். கம்பம் நேரானது. அம்மா நேராகவில்லை. வலது தோள் மேலேயே நின்றது. கத்தரி தரையில் கிடக்க, அம்மா சும்மா நின்று தண்ணீர் குடிக்கும் படத்திலும் அப்படியே இருந்தது. மதினி படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். தோள் இப்போது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“அத்தே, தோளு வலிக்கா?”

“எவளுக்கு வலிக்கல? சோத்தத் தின்னுங்க.”

ஒரே வீட்டில் வளர்ந்த நானும் அண்ணனும் அதைப் பார்த்ததே இல்லை. முழுக்கைச் சட்டை மறைத்தது என்று சொல்லலாம். வீட்டுக்குள் அம்மா அந்தச் சட்டையைப் போடுவதில்லை.

வெள்ளிக்கிழமை மதினி இரண்டு படங்களைக் கொண்டுபோனார். ஒன்று கூடைக்காரி, இன்னொன்று அம்மா. நானும் கூடப் போனேன். விடுதி மேலாளர் மலையாளி, நல்ல மனிதர். அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். “படம் நல்லாயிட்டு உண்டு சேச்சி. பக்ஷே கெஸ்டுக்குக் கூடைதான் இஷ்டம். சாக்கு வேண்டா,” என்றார். லயத்துக்குத் திரும்பும் வளைவில் மதினி, “வேலை வேணும் தம்பி,” என்றார்.

சுவர் இரண்டு வாரத்தில் முடிந்தது. கூடை இருக்கிறது, நெற்றி வார் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. வலது தோள் மட்டும் அம்மாவுடையது. விரல்கள் பிடித்திருக்கும் விதமும் அம்மாவுடையது. மேலாளர் கவனிக்கவில்லை. அண்ணன் தன் ஜீப்பில் அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினான். அம்மா சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, “என்னயத்தான் வரைஞ்சிருக்கா. கூடைய மட்டும் எவளுதோ குடுத்துட்டா,” என்றாளாம். வண்டிகளை நிறுத்தி இறங்கும் பயணிகள் அந்தச் சுவரின் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். சிலர் அதே மாதிரி நெற்றியில் கையை வைத்துச் சிரிக்கிறார்கள். தோளை உயர்த்துபவர்களை நான் பார்த்ததில்லை. விடுதியின் உள்சுவர்களையும் மதினியே வரைந்தார். ஆலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். எங்கள் கோப்பில் இருந்த கூடைப் படத்தை நான் நீக்கினேன். அந்த இடத்தில் வைக்க மதினியிடம் ஒரு படம் கேட்டேன். தண்ணீர் குடிக்கும் படத்தை அனுப்பினார்.

அம்மா இப்போது ஓய்வில் இருக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போனபோது காலையில் அதே சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். நாள்காட்டித் தாளுக்குப் பதில் நல்ல தாள், கைப்பேசிக்கு ஒரு சின்னத் தாங்கி. மதினி யாரோ ஒரு குழந்தையின் காதை வரைந்துகொண்டிருந்தார். அம்மாவின் வலது கை காது வரைதான் உயர்கிறது. இடது கையும் இப்போது அதற்கு மேல் போவதில்லை.

சீனி டப்பா கீழ்த்தட்டில் இருக்கிறது.