புகைக்கு இளவு

கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் வண்டிப் புகை பரிசோதிக்கும் அந்த மனிதரிடம் கணினி உண்டு. ஆனாலும் முதலில் தன் வெள்ளைக் கைக்குட்டையைத்தான் புகைக்குழாயில் பிடிப்பார். நரைத்த மீசை தொழில் தயவில் மீண்டும் கறுத்திருந்தது.

என் டீசல் கார் என்னைப் போலவே மேடு கண்டால் இருமும். கைக்குட்டை கரியானது.

"பாஸாவாது சாரே."

பழைய வண்டிகளுக்குப் புகை விதியை அரசு தளர்த்தப்போவதாக அன்றைய மலையாளப் பத்திரிகையில் இருந்தது. அதைக் காட்டினேன். "இளவு வருதாக்கும். அதுவரைக்கும் ஒரு சர்ட்டிபிகேட் தாரும்."

மலையாளத்தில் இளவு என்றால் சலுகை. எங்கள் ஊர்த் தமிழில் இழவையும் அப்படித்தான் உச்சரிப்போம்.

அவர் கைக்குட்டையை நீட்டினார். "இதுல மொகத்தைத் தொடையும். இப்பமே தாறேன்."

நான் துடைக்கவில்லை. போலீஸ் நிற்காத சந்துகளாகத் தேடி வீடு வந்தேன்.

மறுமாதம் சலுகை வந்தேவிட்டது. முற்றத்தில் கார் எஞ்சினை ஓடவிட்டு, பத்திரிகையோடு உள்ளே ஓடினேன். "இளவு வந்தாச்சு!"

அடுக்களையிலிருந்து மனைவி பதறினாள். "ஐயோ, எந்த வீட்டுல?"

சன்னல் வழியே புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தக் கைக்குட்டை கண்முன் ஆட, வெளியே போய் எஞ்சினை அணைத்தேன்.