கண்ணாடிக்கு எட்டாத முகம்

ஞாயிற்றுக்கிழமை சாமியைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து சொல்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் சவால் விட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சர்ச் உபதேசியார் மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“கண்டா எங்க வீட்டுக்கும் கூட்டிட்டு வாலே!”

எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மயிலாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், அய்யா என்று நாங்கள் கும்பிடும் சாமியின் கோயிலான நிழல்தாங்கலில் சிலை கிடையாது. உள்ளே ஒரு கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு, அவ்வளவுதான். அதற்குள் பார்த்தால் அய்யா தெரிவார் என்று மாமா சொல்லியிருந்தார். எப்படி இருப்பார் என்று கேட்டதற்கு, “நீயே போய்ப் பாரு” என்று சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மாமா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட வேண்டும். எப்போது திரும்புவாரோ, யாருக்கும் தெரியாது. அய்யாவைக் கண்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுவேன் என்று காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அங்குள்ள வழக்கப்படி சட்டையைக் கழற்றி, துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் மாமா. தலைப்பாகை ஏறியதும் ராஜாவைப்போல நிமிர்ந்து நடந்தேன். என் முறை வந்தது. எம்பி எம்பிப் பார்த்தேன். கண்ணாடியில் கூரை உத்தரமும், அதில் ஒரு பல்லியும் தெரிந்தன.

“கண்டியாலே?” என்றார் மாமா.

“பல்லியத்தான் கண்டேன்.” அழுகை முட்டியது. நாளைக்கு உபதேசியார் மகனிடம் என்ன சொல்வேன்?

பணிவிடை செய்பவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “நடை சாத்தப் போறோம். சீக்கிரம் கும்பிட்டுட்டு நகருங்கப்பா.”

இனி மாமாவின் முறை. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்தார்.

“ஏறு மக்கா.”

தோளில் ஏறினேன். மாமா பாதி எழுந்து, முதுகை வளைத்து, தலையைக் கவிழ்த்து நின்றார். இரண்டு விளக்குகளுக்கும் நடுவே ஒரு முகம். சரிந்த தலைப்பாகை, ஒழுகிய மூக்கு.

“மாமா, என் மூஞ்சில்லா தெரியுது!”

“நல்லாப் பாரு. அதுதான்.”

பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு அந்த முகத்தை ரொம்பப் பிடித்துவிட்டது. கதவைச் சாத்தினார்கள்.

வெளியே வந்ததும் மாமா ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

“நீங்க கண்டீங்களா மாமா?”

“கண்டேன் மக்கா. தெளிவாக் கண்டேன்.” முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாள் உபதேசியார் மகனிடம், “சாமி அச்சு அசல் என்னை மாதிரிலே!” என்றேன். அவன் நம்பவில்லை. எனக்குக் கவலையுமில்லை.

தலையைக் கவிழ்த்து நின்ற மாமா எதைக் கண்டிருப்பார் என்று மட்டும் அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.