தம்பியைக் கேட்ட நாடு

காலை எட்டு மணிக்கு அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் சாதாரண உடையில்தான் இருந்தார்கள். இரண்டு பேர். "சார் கீறாரா?" என்று ஒருவர் கேட்டார். வங்கியிலிருந்து வந்திருப்பார்கள் என்று நினைத்துத் தம்பியைக் கூப்பிட்டேன். அவர்களைப் பார்த்ததும் அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். வங்கி ஆட்கள் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பயப்படாதீங்கம்மா, நாங்க போலீஸ். டெல்லி கோர்ட்டு வாரண்ட் கீது. இங்க மாஜிஸ்திரேட்கிட்ட காட்டிட்டு இட்டுக்கினு போவோம்."

"டெல்லியா? அவன் அங்கே போனதே இல்லியே!"

"கேஸு வெளிநாட்டுலம்மா. அந்த நாடு இவரைக் கேக்குது."

தம்பி ஆறு வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்தவன். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லித்தான் திரும்பி வந்திருந்தான். சட்டை மாற்றப் போனவன் அறை வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வண்டில ஒருத்தரை இடிச்சிட்டேன்க்கா. அவர் செத்துட்டார். ஜாமீன்ல விட்டாங்க. கோர்ட்டு தேதிக்கு முன்னாடி பிளேன் ஏறிட்டேன்."

சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தி, அன்றே அவனை டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். நான் ராயப்பேட்டையில் ஒரு வக்கீலைத் தேடிப் போனேன். நடுத்தர வயதுப் பெண்மணி. "அவர் குற்றவாளியா இல்லையான்னு இங்க தீர்ப்பு சொல்ல மாட்டாங்கம்மா" என்றார். "ரெண்டு நாட்டுச் சட்டத்துலயும் அது குற்றமா, வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கா, இதைத்தான் மாஜிஸ்திரேட் பார்ப்பார். இருக்குன்னா மத்திய அரசுக்கு எழுதுவார். அனுப்புறதா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும்."

"அங்கே வேற ஏதாவது வழக்கையும் சேர்த்துப் போட்டுட்டா?"

"முடியாது. எதுக்காகக் கேட்டாங்களோ அதுக்குத்தான் விசாரிக்கணும்."

அவர் சொன்னது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டேன். தெருவில் ஒரு ஜீப் நின்றால் ஜன்னலை விட்டு விலகிவிடுவேன். அவனை மறுபடியும் அந்த நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே அவனுக்கென்று ஒருத்தரும் இருக்க மாட்டார்கள் என்ற பயம்தான் அப்போது எனக்கு.

இரண்டு மாதம் கழித்து அந்த நாடு அனுப்பிய ஆவணங்களின் நகலை வக்கீல் என்னிடம் கொடுத்தார். விபத்து நடந்த இடத்துக்கு எதிர்வீட்டில் இருந்த ஒருவரின் வாக்குமூலம் அதில் இருந்தது. கார் நின்றது. ஓட்டியவர் இறங்கினார். கீழே கிடந்தவரின் அருகில் குனிந்து பார்த்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அதுவரை அவனுக்காகப் பயந்துகொண்டிருந்தவள், முதல்முறையாக அவனை நினைத்தே பயந்தேன்.

டெல்லிச் சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"இறங்கிப் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா. மூச்சு இருந்துது."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

முகாந்திரம் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் எழுதிவிட்டார். உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், இன்னும் ஒரு வருஷமாவது இழுக்கலாம் என்றார் வக்கீல். தம்பி வேண்டாம் என்றான். "நான் போறேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று அவரிடமே சொல்லி அனுப்பினான். அரசின் உத்தரவு வந்ததும் அந்த நாட்டு அதிகாரிகள் வந்து அவனை அழைத்துப்போனார்கள். விமானம் கிளம்பிய பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது.

அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டான். இப்போது சிறையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். குளிர், சாப்பாடு, என் முழங்கால் வலி என்று பேச்சு ஓடும். இறந்தவரைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. தண்டனை முடிந்து ஒருநாள் திரும்பி வருவான். வரட்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் எனக்கு எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியுமா என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.