பகலில் வீட்டில் யார் நிற்பார்கள்

மச்சாளை நினைத்தால் முதலில் வருவது அவரின் வலது கைதான். வீட்டுக்கு அடியில் பேஸ்மென்றில், அறைகளைச் சூடாக்குகிற பழைய எண்ணெய்ப் பொயிலருக்கு முன்னால், கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து அந்தக் கை எழும்பி எனக்குக் குறுக்கே வந்து நின்றது. பஸ் திடீரென்று பிரேக் பிடித்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையை மறிப்போமே, அப்படி. அதற்குப் பிறகு ஒன்பது பனிக்காலம் போய்விட்டது.

மச்சாள் என்று நான் சொல்வது என் மகளின் மாமியாரை. பிள்ளைகள் கலியாணம் செய்துகொள்ள, தாய்மார் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மச்சாள் ஆகிவிட்டோம். கனடாவில், பிக்கரிங்குக்கு வடக்கே, காஸ் குழாய் போகாத ஒரு தெருவில் பிள்ளைகள் வாங்கிய பழைய வீட்டில் நாங்களும் இருந்தோம். அவர் இருந்தது மகன் வீட்டில். நான் இருந்தது மகள் வீட்டில். வீடு ஒன்றுதான், ஆனால் இருப்பு ஒன்றல்ல. அவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ரீவி பார்ப்பார். நான் அதே சோபாவின் நுனியில், யாராவது கூப்பிட்டால் எழும்ப வசதியாக இருப்பேன். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று வந்தவள் நான். பெரியவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். சின்னவள் வருகிற செப்ரெம்பரில் போகப்போகிறாள். அதன் பிறகு என்ன சொல்லிக்கொண்டு அந்த வீட்டில் இருப்பது? அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு இதே யோசனை. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

அப்போதுதான் விறகுப் பொயிலர் கதை வந்தது. எண்ணெய் விலை மருமகனைப் போட்டு வாட்டியது. பிறம்ரனில் அவர் வேலைசெய்த வெயர்ஹவுசில் சாமான் அடுக்குகிற பெலட் பலகைகள் உடைந்து மலைபோலக் கிடந்தனவாம். "சும்மா எறியிறாங்கள் மாமி, ட்ரக்கிலை ஏத்திக்கொண்டு வந்தால் வருசம் முழுக்க எரிக்கலாம்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பொயிலர் பூட்டுகிறவரை ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தார். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் ஆள், எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். பேஸ்மென்றில் வைத்து அவர் ஒரு தாளை எல்லோர் கையிலும் தந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் படம் மட்டும் விளங்கியது. பெரிய இரும்புப் பெட்டி, அதன் வயிற்றில் நெருப்பு, அதிலிருந்து அறை அறையாகச் சுடுதண்ணீர் போகிற குழாய்கள்.

"பெலட்டை மறந்திடுங்கோ தம்பி," என்றார் நானா. "ஆணி, பெயின்ற், மருந்து எல்லாம் அதிலை கிடக்கு. பொயிலரும் பழுதாகும், இன்சூரன்ஸ்காரனும் விடமாட்டான். வெட்டி ஒரு வருசமாவது காய்ஞ்ச விறகு வேணும்."

மருமகனின் முகம் தொங்கிப்போனது. மச்சாள் மகனை விடவில்லை. "ஆறு மாசமா பெலட்டிலை கோட்டை கட்டினவன். இப்ப பாருங்கோ மூஞ்சியை."

"விறகு வாங்கலாம், அது பிரச்சினையில்லை," என்று நானா சிரித்தார். "காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா போடவேணும். கடுங்குளிரெண்டால் மத்தியானமும் போடவேணும். சாம்பல் அள்ளவேணும். பகலிலை வீட்டிலை ஆர் நிப்பினம்?"

மகளும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நாங்கள் நின்ற பக்கம் திரும்பினார்கள்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. விறகு எனக்குத் தெரியும். அரை ஆயுள் விறகடுப்பில் சமைத்தவள். எது நின்று எரியும், எது புகையும் என்று கையில் தூக்கினாலே சொல்லிவிடுவேன். அந்த வீடு முழுவதற்கும் சூடு என் கையால் போகும். நான் ஒரு நாள் படுத்துவிட்டால் எல்லோருக்கும் குளிரும். "நான் நிக்கிறன்" என்ற சொல் வாய்க்குள் வந்துவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வர எப்போதும் நேரம் எடுக்கும். அதற்குள் அந்தக் கை வந்துவிட்டது.

"மச்சாளுக்குப் புகை ஆகாது. மூச்சு இழுத்து முட்டு வரும்," என்றார் மச்சாள். "எனக்கு முழங்கால் ஏலாது, இந்தப் படியே இறங்கக் கஷ்டம். உந்த விறகுப் பொயிலரை விடுங்கோ."

எனக்கு முட்டு வருத்தம் ஒருநாளும் இருந்ததில்லை. எல்லோருக்கும் முன்னால் அவரைப் பொய்காரி ஆக்க எனக்கு வாய் வரவில்லை. விறகுப் பொயிலர் கதை அதோடு முடிந்தது, பழையதையே திருத்திப் பாவித்தார்கள். முட்டு மட்டும் முடியவில்லை. மகள் என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். என்னால் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி நின்றது. கோடையில் இறைச்சி வாட்டும்போது பேரன் ஓடிவந்து, "அம்மம்மா, smoke! உள்ள போங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்து யன்னலைச் சாத்தினான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லோரும் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

செப்ரெம்பரில் சின்னவள் பள்ளிக்கூடம் போனாள். முன்பு என் பேரில் விண்ணப்பம் எழுதிப்போட்டிருந்த முதியோர் தொடர்மாடியில், ஸ்காபரோவில், எனக்கு வீடு வந்தது. "உங்கட விருப்பம் அம்மா" என்றாள் மகள். ஓம் என்றேன். மச்சாள்தான் என்னை வெளியே அனுப்பினார் என்று நினைத்தேன். ஞாயிறுதோறும் அவர் எனக்குப் போன் எடுப்பார். ஓம், ம், சரி என்பதோடு வைத்துவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் அவரே வந்தார். மகன் இறக்கிவிட்டு, கார் ரயர் மாற்றப் போயிருந்தார். கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, மூச்சு வாங்கி, என்னைப் பார்த்தார்.

"என்னோடை இன்னும் கோவமோ மச்சாள்?"

"சீச்சீ, கோவமோ."

"உங்களுக்கு முட்டெண்டு நான் சொன்னதைவிட இது பெரிய பொய்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "என்ரை மகன்ரை வீடுதான். ஆனா நான் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் எத்தினை வருசம் தெரியுமோ? பிள்ளையள் வாற நேரம், பார்சல் வாற நேரம், குழாய் திருத்த ஆள் வாற நேரம். மாமி வீட்டிலைதானே நிக்கிறா எண்டு சொல்லுவினம். நீங்கள் அண்டைக்கு ஓம் எண்டிருந்தால் அந்த இரும்புப் பெட்டிக்குப் பக்கத்திலைதான் முடிஞ்சிருப்பியள். உங்களுக்கு வாயும் இல்லை. ஏலாது எண்டு ஒருநாளும் சொல்லமாட்டியள். ரெண்டு பேரையும் ஏன் கட்டிப்போடுவான் எண்டுதான் குறுக்கை விழுந்தனான்."

நான் தேநீர் ஊற்றினேன். அவர் சொன்னது சரி. ஆனால் கட்டிப்போட்டிருந்தால் கயிற்றின் மற்றப் பக்கம் ஆட்கள் இருந்திருப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன். அடுத்த பங்குனியில் அவர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுபோனது.

இந்தத் தொடர்மாடியில் சூடு சுவரிலிருந்து வருகிறது. யாரும் அதற்கு எழும்ப வேண்டியதில்லை. ஒரு ஆளுக்கு வைக்கிற அரிசி சட்டியின் அடியில் பிடித்துக்கொள்கிறது. எலிவேற்றரில் ஒரு சீன அம்மாவும் நானும் தலையாட்டிக்கொள்வோம். சில நாட்களில் என் குரலை நானே கேட்பது அந்த நாளில் முதல்முறை போன் வரும்போதுதான்.

போன திங்கட்கிழமை மகள் எனக்குப் போன் எடுத்தாள். பழைய பொயிலரில் வெடிப்பு விழுந்துவிட்டதாம், இனித் திருத்த ஏலாதாம். நானா மறுபடி வந்து விறகுப் பொயிலருக்கும் கரண்டில் ஓடுகிறதுக்கும் விலை சொல்லியிருக்கிறார். "விறகுதான் மலிவு அம்மா. மாமியும் இல்லை, பகலிலை ஒருத்தரும் இல்லை. நீங்கள் வந்து நிண்டால் போடலாம். உங்கட முட்டுக்கு இப்ப நல்ல மருந்து இருக்காம். வியாழனுக்குள்ளை சொல்லுங்கோ."

ஒன்பது வருடம் காத்திருந்த அழைப்பு அது. பெட்டியைக்கூட எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டேன். இரண்டு சேலை வைத்தேன், எடுத்தேன். நான் போகலாம், விறகு போடலாம். வாயில்லாதவள் ஏலாது என்று சொல்லவும் மாட்டேன். குறுக்கே நீட்ட இப்போது வேறு கை இல்லை.

வியாழன் காலை நானே போன் எடுத்தேன். முதல்நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தபடியால் திக்காமல் வந்தது.

"பிள்ளை, எனக்கு முட்டு இல்லை. எப்பவும் இருந்ததில்லை. எந்தப் பொயிலர் எண்டாலும் உங்கட வசதிக்குப் போடுங்கோ. விறகு போட நான் வரமாட்டன். என்னைக் கூப்பிடுறதெண்டால் சும்மா கூப்பிடுங்கோ."

"சும்மா எண்டால்?"

"சும்மாதான்."

இவரோடு கதைத்துவிட்டு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள். அன்று முழுவதும் என் நாக்கை நானே திட்டிக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் எடுத்தாள். கரண்டில் ஓடுகிறதையே போடப்போகிறார்களாம். விலை, உத்தரவாதம், நானா எப்போது வருவார் என்று எல்லாம் சொன்னாள். நான் கேட்டது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"வேறென்ன அம்மா?"

வேறொன்றும் இல்லை என்று சொல்லி வைப்பதுதான் என் பழக்கம். இந்தமுறை நான் சொல்லவில்லை, வைக்கவும் இல்லை. போனைக் காதோடு பிடித்துக்கொண்டு இருந்தேன். அவளும் வைக்கவில்லை. அங்கே யாரோ கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது.

"அம்மா," என்றாள் மெதுவாக. "சனிக்கிழமை என்ன செய்யிறியள்?"

"ஒண்டும் இல்லை," என்றேன்.